களைத்த கால் தரையிறங்கும்போது: வாலிபால் மைதானத்துக்கான அறிகுறிவாரி வழிமுறை

நீலகிரியில் மாலைப் பயிற்சிக்கு நேரம் குறைவு. பள்ளி விட்டு, ஹட்டி எனப்படும் மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வந்து, நெட் கட்டி முடிக்கும்போதே வெயில் சாய்ந்திருக்கும். மூடுபனி இறங்குவதற்குள் நாலு செட் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் வார்ம் அப் பாதியாகிறது, இடைவேளை இல்லாமல் போகிறது. முழங்காலோ கணுக்காலோ போவது பலநேரம் கடைசி செட்டில்தான்.

ஆட்டக்காரர் களைத்துவிட்டாரா என்று பார்க்க எல்லோரும் தாவும் உயரத்தைப் பார்க்கிறார்கள். அது தாமதமாக வரும் தகவல். கை வீச்சைக் கூட்டி, இன்னும் ஆழமாகக் குனிந்து எழும்பி, களைத்த காலாலும் உயரத்தை ஒப்பேற்றிவிட முடியும். இறங்குவதை அப்படி ஒப்பேற்ற முடியாது. அதனால் கண்ணும் காதும் இறங்கும் காலின் மேல் இருக்கட்டும். கீழே உள்ள அறிகுறிகளில் உங்கள் ஆட்டக்காரருக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், ஆஸ்பத்திரி கடைசியில்.

## முதலில் ஒரு அளவு எடுத்து வையுங்கள்

களைக்காத நாளின் அளவு கையில் இல்லாமல் களைத்த நாளை அளக்க முடியாது. தேவை: ஸ்லோ மோஷன் எடுக்கும் போன், ஒரு டேப், 30 செ.மீ. உயரமுள்ள படி அல்லது உறுதியான மரப்பெட்டி, ஒரு நோட்டு.

ஓய்வு எடுத்த மறுநாள், வார்ம் அப் முடிந்ததும், இரு கையும் இடுப்பில் வைத்து நின்ற இடத்தில் மூன்று முறை தாவச் சொல்லுங்கள். போனைத் தரையோடு தரையாக வைத்து, பாதம் தெரியும்படி வினாடிக்கு 240 பிரேமில் எடுங்கள். கால்விரல் தரையை விட்ட பிரேமிலிருந்து மறுபடி தொட்ட பிரேம் வரை எண்ண வேண்டும். 120 பிரேம் வந்தால் அரை வினாடி, உயரம் ஏறக்குறைய 31 செ.மீ. 130 வந்தால் 36 செ.மீ., 110 வந்தால் 26 செ.மீ. போனில் 120 பிரேம்தான் உண்டு என்றால் எண்ணியதை இரட்டிப்பாக்குங்கள். காற்றில் முட்டியை மடக்கக் கூடாது; மடக்கினால் தரையைத் தொடுவது தள்ளிப்போய், இல்லாத உயரத்தை இருப்பதாகக் காட்டும். மூன்றின் சராசரியைத் தேதியோடு எழுதுங்கள்.

120 என்பது 114 ஆனால் உயரம் 10 சதவீதம் குறைந்துவிட்டது என்று பொருள். ஆறு பிரேம்தான், கண்ணால் பிடிபடாது. நோட்டு எதற்கு என்றால் அதற்குத்தான்.

அடுத்து, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்கும் எண்ணிக்கை. சுவரை இரண்டு விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு, முட்டியை மடக்காமல், இரண்டு வினாடிக்கு ஒன்று என்ற வேகத்தில் செய்ய வேண்டும். பயிற்சியில் இருக்கும் ஆட்டக்காரர் ஒவ்வொரு காலுக்கும் 25 செய்ய வேண்டும்.

## அறிகுறி 1: இறங்கும் சத்தம் கனமாகிறது

முதல் செட்டில் ‘தப்’ என்று மெல்ல வந்த சத்தம் மூன்றாம் செட்டில் ‘தொம்’ என்று கேட்கிறது. நெட்டுக்கு முதுகைக் காட்டி நின்று கேட்டாலே வித்தியாசம் தெரியும்.

உடம்பு ஆறிப்போயிருக்கிறதா? இதைத்தான் முதலில் பாருங்கள், சரிசெய்யக் காசு வேண்டாம். தசையின் சூடு 1 டிகிரி குறைந்தால் தாவும் சக்தியில் 4 முதல் 6 சதவீதம் போய்விடும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் காலையில், வெளியே கால் மணி நேரம் உட்கார்ந்த சப்ஸ்டிட்யூட்டை அப்படியே உள்ளே அனுப்பினால் அவர் களைத்த காலோடு இறங்குகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும்போது ஸ்வெட்டர் மட்டும் போட்டால் போதாது. தாவுவது தொடையும் கெண்டைக்காலும், அவற்றின் மேல் டிராக் பேண்ட் இருக்க வேண்டும். உள்ளே போகுமுன் ஐந்து நிமிடம்: மெதுவான ஓட்டம், பத்து அரைக் குந்தல், பக்கவாட்டு ஓட்டம், கடைசியாகக் குறைந்த உயரத்தில் ஆறு தாவல். சத்தம் மறுபடி மென்மையானால் பிரச்சினை அதுதான், மேலே தேட வேண்டாம்.

தரையும் ஷூவும். சிமெண்ட் தளத்தில் எல்லாச் சத்தமும் கூடும், ஆகவே ஒரே தளத்தின் சத்தங்களை மட்டும் ஒப்பிடுங்கள். ஷூவின் பக்கவாட்டு நுரையில் குறுக்குச் சுருக்கம் நிரந்தரமாக விழுந்து, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகவில்லை என்றால் அந்த ஷூவில் இனி மெத்தை இல்லை. மழைக்காலத்தில் நனைந்த ஷூவை அடுப்புக்குப் பக்கத்தில் காய வைக்கிறார்கள். ஒட்டும் நுரையும் சீக்கிரம் கெடுவது அதனால்தான். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள்.

கெண்டைக்கால் ஓய்ந்துவிட்டதா? வீடியோவைப் பக்கவாட்டில் எடுங்கள். விரல் முதலில் தொட்டு, பிறகு குதிகால் இறங்க வேண்டும். பாதம் முழுவதும் ஒரேயடியாகத் தொட்டாலோ, குதிகால் முந்தினாலோ, கெண்டைக்கால் வேலையை விட்டுவிட்டது. உறுதிசெய்ய அங்கேயே ஒற்றைக்கால் எண்ணிக்கையை எடுங்கள். 25 செய்தவர் 16-க்குக் கீழே வந்தால் அன்றைக்குத் தாவல் போதும். பந்து எடுப்பது, சர்வீஸ் போன்ற தரைப் பயிற்சிக்கு மாற்றிவிடுங்கள்.

நிரந்தரத் தீர்வு: வாரம் மூன்று நாள், படி விளிம்பில் நின்று, முட்டி நீட்டி 3 தடவை 12, முட்டி மடக்கி 3 தடவை 12. மடக்கிச் செய்வதை யாரும் செய்வதில்லை. கெண்டைக்காலின் அடிப்பகுதித் தசைக்கு அதுதான் உணவு. எளிதானதும் முதுகுப்பையில் 5 கிலோ அரிசியை வைத்துச் செய்யலாம்.

தொடை முன்தசை. இதில் இரண்டு வகை ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், வைத்தியமும் இரண்டு. ஒரு வகையினர் களைத்தால் விறைத்து இறங்குவார்கள்: முட்டி மடங்காது, அதிர்ச்சி நேராக இடுப்புக்குப் போகும், சத்தம் அதிகம். இன்னொரு வகையினர் இறங்கியதும் உட்கார்ந்தேவிடுவார்கள்: முட்டி அளவுக்கு மேல் மடங்கும், சத்தம் குறைவு, ஆனால் அடுத்த தாவலுக்கு எழ நேரமாகும். முதல் வகைக்கு ஒரே ஒரு சொல் போதும்: “சத்தம் வராம இறங்கு.” முட்டி, இடுப்பு, முதுகு என்று நாலு விஷயம் சொன்னால் எதுவும் நடக்காது. இரண்டாம் வகைக்குச் சொல்லிப் பயனில்லை, பலம்தான் குறைவு. குந்தலும் படியேறலும் வாரம் இரண்டு நாள் சேர்த்து, தாவல் எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

இரு பாதமும் தனித்தனியாக ‘தட்-தட்’ என்று விழுந்து, இரண்டு வாரம் தாவல் குறைத்தும் மாறவில்லை என்றால் ஒரு காலைத் தெரியாமலே காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். பிசியோதெரபிஸ்ட் பார்க்கட்டும்.

## அறிகுறி 2: இறங்கும்போது முட்டி உள்ளே சாய்கிறது

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். முழங்கால் ஜவ்வு கிழிவது பெரும்பாலும் யாரும் மோதாமல், இப்படி இறங்கும் கணத்தில்தான். பாதம் தரையைத் தொட்ட 0.04 வினாடி அளவிலேயே அது நடந்து முடிகிறது. கால் தடுமாறுவதை உணர்ந்து திருத்திக்கொள்ள அந்த நேரம் போதாது. காற்றில் இருக்கும்போதே தசை இறுகித் தயாராக இருக்க வேண்டும். களைப்பு தட்டிப்பறிப்பது இந்த முன்தயாரிப்பைத்தான். பருவ வயதைத் தாண்டிய பெண்களுக்கு இந்தக் காயம் பையன்களைவிட அதிகமாக வருகிறது என்பதால் பெண்கள் அணியில் இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை எல்லோருக்கும் செய்யுங்கள்.

சோதனை. 30 செ.மீ. படியிலிருந்து முன்னால் இறங்கி, தரையைத் தொட்டதும் நேர்மேலே தாவ வேண்டும். போனை முட்டி உயரத்தில், மூன்று மீட்டர் முன்னால் வையுங்கள். டிராக் பேண்ட் வேண்டாம், முட்டிச் சில்லு தெரிய வேண்டும். பயிற்சிக்கு முன் மூன்று, பயிற்சி முடிந்ததும் மூன்று. இறங்கி மிகக் கீழே போன பிரேமில் நிறுத்துங்கள். முட்டிச் சில்லின் நடுவும் பாதத்தின் இரண்டாம் விரலும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் சரி. சில்லு கட்டைவிரலையும் தாண்டி உள்ளே இருந்தால் சாய்வு.

பயிற்சிக்கு முன் சரி, பின் மட்டும் சாய்கிறது. சுத்தமான களைப்பு. இடுப்பின் பக்கத் தசை ஓய்ந்ததும் தொடை எலும்பு உள்ளே சுழல்கிறது, முட்டி பின்தொடர்கிறது. அன்றைக்குத் தாவலை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மறுவாரம் முதல் பயிற்சியின் ஆரம்பத்தில் (கடைசியில் வேண்டாம், அப்போது யாருக்கும் மனசு இருக்காது) எட்டு நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்: பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது 2 தடவை 15, முட்டிக்கு மேலே சைக்கிள் டியூப் துண்டைக் கட்டிப் பக்கவாட்டில் பத்தடி போய்ப் பத்தடி வருவது மூன்று முறை, மல்லாந்து படுத்து ஒற்றைக்காலில் இடுப்பைத் தூக்குவது 2 தடவை 10. டியூப்பை முட்டிக்கு மேலே ஒரு சாண் விட்டுக் கட்டுங்கள். முட்டி மேலேயே கட்டினால் சில்லில் வலிக்கும்.

முன்னும் சாய்கிறது, பின்னும் சாய்கிறது. களைப்பின் மேல் பழி போடாதீர்கள், பலமும் பழக்கமும் போதவில்லை. மேற்சொன்னதோடு இறங்கும் பயிற்சியைத் தனியாக எடுக்க வேண்டும்: படியிலிருந்து இறங்கி, அசையாமல் மூன்று வினாடி நிற்பது, ஒரு நாளைக்கு 15 போதும். கால்பந்துக்காக ஃபிஃபா உருவாக்கிய ‘11 பிளஸ்’ என்னும் 20 நிமிட வார்ம் அப்பில் இந்த வகைப் பயிற்சிகள் வரிசையாக இருக்கின்றன. வாரம் இரண்டு முறைக்குக் குறையாமல் செய்தால்தான் பலன். மாற்றம் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

ஒரு கால் மட்டும் சாய்கிறது. பழைய கணுக்கால் சுளுக்கு இருந்ததா என்று கேளுங்கள். சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். கட்டைவிரலுக்கும் சுவருக்கும் உள்ள அதிகபட்ச தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பத்து செ.மீ. பக்கம் வந்தால் நல்லது. இரண்டு காலுக்கும் 2 செ.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தக் கணுக்கால் விறைத்திருக்கிறது, மடங்க இடமில்லாமல் முட்டி உள்ளே போகிறது. தினமும் இதே சோதனையையே பயிற்சியாக 3 தடவை 15 செய்யலாம். மூன்று வாரத்தில் அசையவில்லை என்றால் பிசியோ.

படியில் சரி, ஆட்டத்தில் சாய்கிறது. இதைப் பலர் தவறவிடுகிறார்கள். பந்தை ஓங்கி அடிக்கும் ஸ்பைக்கரின் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவருக்குப் பந்தை உயர்த்திக் கொடுக்கும் செட்டரைப் பாருங்கள். செட்டரின் கால் களைத்தால் பந்துக்கு அடியில் போய்ச் சேர மாட்டார், இருந்த இடத்திலிருந்து கையால் மட்டும் தள்ளுவார், பந்து ஸ்பைக்கரின் தலைக்குப் பின்னால் போகும். வலக்கை ஸ்பைக்கர் பின்னால் வளைந்து அடித்துவிட்டு இடது காலில் மட்டும் இறங்குவார். ஒற்றைக்கால், வளைந்த உடம்பு, உள்ளே சாய்ந்த முட்டி மூன்றும் ஒன்றாகச் சேருவது இங்கேதான். ஒரு செட்டில் ஸ்பைக்கர் எத்தனை முறை ஒற்றைக் காலில் இறங்கினார் என்று வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவர் கோடு போட்டு எண்ணட்டும். எண்ணிக்கை முதல் செட்டைவிட இரட்டித்தால் செட்டரை மாற்றுங்கள். விதிப்படி ஒரு செட்டுக்கு ஆறு மாற்றும், 30 வினாடி டைம் அவுட் இரண்டும் இருக்கின்றன. அவை தந்திரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

## அறிகுறி 3: தாவல் எழவில்லை

### பயிற்சி நடுவில் குறைகிறது என்றால்

எண்ணுங்கள். பெரும்பாலான அணிகளில் யார் எத்தனை தாவல் தாவினார் என்று யாருக்கும் தெரியாது. நெட்டருகே தாவி எதிரணியின் அடியைத் தடுக்கும் பிளாக்கரும், தாவிச் செட் செய்யும் செட்டரும் ஸ்பைக்கரைவிட அதிகம் தாவுவதுண்டு. 13 முதல் 15 வயது வரை ஒரு பயிற்சிக்கு 60 முழு உயரத் தாவல் தாராளம் என்பது எங்கள் கருத்து. பிரேம் எண்ணிக்கை 5 சதவீதம் குறைந்தால் உட்கார வைத்து ஓய்வு, 10 சதவீதம் குறைந்தால் தாவல் முடிந்தது.

### தொடக்கத்திலிருந்தே குறைவு என்றால்

நேற்று என்ன நடந்தது என்று கேளுங்கள். தூக்கம், காலை உணவு, நேற்றைய தாவல். இவற்றில் ஒன்றும் இல்லை என்றால் அறிகுறி 4-க்குப் போங்கள்.

### சமவெளியிலிருந்து வந்த அணிக்கு மட்டும் என்றால்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறினால் சுமார் 1,900 மீட்டர் உயரம் கூடுகிறது. 2,240 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். ஒரே ஒரு தாவலுக்கு இதனால் குறைவில்லை. ஒரு தாவலுக்கும் அடுத்ததற்கும் இடையில் தசை மீள்வதுதான் தாமதமாகும். ஆகவே முதல் பத்துப் புள்ளியில் எல்லாம் நன்றாகத் தெரியும், பந்து விழாமல் நீளும் ராலி இரண்டு வந்ததும் கால் வராது. உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும், போட்டிக்கு அவ்வளவு முன்னால் வர முடியாது. செய்யக்கூடியது: மாற்று ஆட்டக்காரர்களைச் சீக்கிரம் இறக்குவது, வார்ம் அப்பைப் பத்து நிமிடம் நீட்டுவது, குளிரில் தாகம் எடுக்காது என்பதால் மணிக்கு அரை லிட்டர் தண்ணீரைக் கணக்கு வைத்துக் குடிக்க வைப்பது.

### வாரக்கணக்கில் குறைந்துகொண்டே வருகிறது என்றால்

பத்து நாள் தாவலைப் பாதியாக்கிப் பாருங்கள். எழுந்தால் பயிற்சி மிகையாக இருந்தது. எழவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்களுக்கு 12, வயது வந்த ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மலை உயரத்தில் வாழ்பவர்களுக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்க வேண்டும், அதனால் 12-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும் பெண்ணை ‘நார்மல்’ என்று விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. சாப்பாட்டோடும், சாப்பிட்ட கையோடும் டீ குடிக்கிறோம். தேயிலையில் உள்ள துவர்ப்பு, உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்ச விடாது. டீயை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளுங்கள். கீரை, ராகியோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் சத்து நன்றாகச் சேரும். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குவது வீண்.

பரிசோதனையில் இன்னொன்றும் கேட்க வேண்டும். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பகுதிப் பழங்குடிக் குடும்பங்களில் அரிவாள் செல் சோகை என்னும் பரம்பரை ரத்த நோய் இருக்கிறது. நோயாக இல்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமப்பவர்கள் நன்றாகவே ஆடலாம். ஆனால் உயரமான இடத்தில், தண்ணீர் குறைந்த நிலையில், ஓய்வில்லாமல் உச்ச வேகத்தில் தொடர்ந்து ஓடவும் தாவவும் வைத்தால் அவர்களுக்கு ஆபத்து. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தில் தமிழ்நாட்டின் பழங்குடிப் பகுதிகளும் இருக்கின்றன. முடிவை அணி முன்னால் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் தெரிந்தால் போதும், ஆட்டத்திலிருந்து நீக்கவும் வேண்டாம்.

## அறிகுறி 4: முதல் நாள் நன்றாக ஆடினார், இரண்டாம் நாள் கால் வரவில்லை

“சார், படி இறங்கவே முடியல” என்று சொன்னால் தொடை முன்தசையில் நோவு. கடுமையாகத் தாவிய காலின் பலம் இரண்டு மணி நேரத்தில் கொஞ்சம் மீண்டு, ஒன்று இரண்டு நாளில் மறுபடி விழும். முதல் நாள் மாலை தெரிந்த புத்துணர்ச்சியை நம்பி இரண்டாம் நாள் கணக்குப் போடாதீர்கள்.

மலைக்கே உரிய காரணம் இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கும், தசை அவ்வளவாகக் கிழியாது. இறங்கும்போது மூச்சு வாங்காது, தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் உள்ளுக்குள் நுண்ணிய சிதைவு வரும். நோவு 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். தொட்டபெட்டா சாலையில் ஏறி ஓடுவது நல்ல பயிற்சி. போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது இறங்கி ஓடுவதுதான் கேடு. ஜீப்பிலோ பஸ்ஸிலோ கீழே வரட்டும். சீசன் தொடக்கத்தில் வாரம் ஒருமுறை சிறிய இறக்கம் ஓடிப் பழகிய கால் அடுத்த முறை இவ்வளவு நோகாது.

என்ன செய்வது: லேசான நடை, சைக்கிள், நல்ல தூக்கம், பருப்பும் முட்டையும். நோவு உள்ள தசையைப் பலங்கொண்டு நீவ வேண்டாம். முதுகில் பையோடு படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்க முடிகிறது என்ற நாளில் தாவலைத் தொடங்கலாம்.

வலி தாங்க முடியாமல் தொடை வீங்கி, சிறுநீர் பால் கலக்காத டீ நிறத்தில் போனால் காத்திருக்கவே கூடாது. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது, அன்றே ஆஸ்பத்திரி.

## அறிகுறி 5: கெண்டை பிடித்துக்கொள்கிறது

உட்கார வைத்து, காலை நீட்டி, பாதத்தை முட்டிப் பக்கம் மெதுவாக இழுத்து 30 வினாடி பிடியுங்கள். விட்டதும் நடக்கட்டும். பெரும்பாலும் இது களைப்பின் பிடிப்பு, உப்புக் குறைவு அடுத்த காரணம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதன் மேல் எழுதிய அளவுத் தண்ணீரில், பெரியது என்றால் 1 லிட்டரில், கரைத்துக் கொடுக்கலாம். ஒரே ஆட்டத்தில் இரண்டாம் முறை பிடித்தால் வெளியே வரட்டும்.

தசை கல் போல் இறுகாமல், தொட்டால் மெத்தென்று இருந்து, கால் மட்டும் பலமில்லாமல் துவண்டு விழுந்தால் அது சாதாரணப் பிடிப்பு இல்லை. அரிவாள் செல் உள்ளவருக்கு அப்படித்தான் வரும். படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள், ஆக்சிஜன் வேண்டும் என்று போனிலேயே சொல்லுங்கள்.

## அறிகுறி 6: இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வலி

ஒரு விரலால் காட்டச் சொல்லுங்கள். வலிக்கும் இடத்தைப் பொறுத்து வழி பிரியும்.

சில்லின் கீழ் முனை. தாவுபவர்களின் பழகிய வலி. முதலுதவி: சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி நிலையில் 45 வினாடி, இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி ஐந்து முறை. பத்துக்கு மூன்று வரை வலி இருந்தால் ஆடலாம். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் நேற்று தாவியது அதிகம். முழு ஓய்வு இதைக் குணப்படுத்தாது, ஓய்வுக்குப் பின் அதே வலி திரும்பும். ஆறு வாரம் குறையவில்லை என்றால் பிசியோ.

சில்லுக்கு இரண்டு விரற்கடை கீழே, எலும்பு மேடு புடைத்து. 10 முதல் 15 வயதில், உயரம் வேகமாகக் கூடும் ஆண்டில் வருவது. வளர்ச்சி முடிந்தால் பெரும்பாலும் தானே அடங்கும். தாவலைக் குறையுங்கள், பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள்.

கணைக்கால் எலும்பு. உள்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் இரண்டு வாரம் தாவலைக் குறைத்து, மண் தரைக்கு மாற்றுங்கள். ஒரு ரூபாய் காசு அளவு இடத்தில் குத்தி, ஒற்றைக்காலில் குதித்தால் துள்ள வைத்து, இரவிலும் வலித்தால் எலும்பில் விரிசல் இருக்கலாம். முதல் வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. படம் சுத்தமாக இருக்கிறது என்று ஆட விடாமல் எலும்பு மருத்துவரிடமே காட்டுங்கள்.

## அறிகுறி 7: கணுக்கால் மடங்குகிறது

முதலில் மைதானத்தைச் சந்தேகியுங்கள். சரிவை வெட்டிச் சமன்செய்த மைதானம் வருடாவருடம் மழையில் ஒரு பக்கம் இறங்கும். பக்கக் கோட்டில் பந்தை வையுங்கள். தானாக உருண்டால் சரிவு இருக்கிறது. பயிற்சியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாறுங்கள். பாசி பிடித்த மூலையைச் சுரண்டி மணல் போடுங்கள்.

அடுத்து நெட்டுக்கு அடியில். நடுக்கோட்டைப் பாதம் தாண்டலாம், ஒரு பகுதி கோட்டின் மேல் இருந்தால் போதும் என்று விதி அனுமதிக்கிறது. அதனால்தான் களைத்த ஸ்பைக்கர் எதிரணியின் பிளாக்கர் இறங்கும் இடத்துக்கே போய்ச் சேருகிறார். கடைசி மூன்று எட்டை நீளவாக்கில் எடுக்காமல் மேல்நோக்கி எடுக்கப் பழக்குங்கள். பயிற்சி ஆட்டத்தில் கோட்டைத் தொட்டாலே புள்ளி போகும் என்று உங்கள் அணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அது வேலை செய்யும்.

ஒருமுறை சுளுக்கியவர் ஆறு மாதமாவது கணுக்கால் பிரேஸ் போட்டு ஆட வேண்டும், தினமும் பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்க வேண்டும்.

## ஆட்டத்தை அந்த நிமிடமே நிறுத்த வேண்டியவை

முழங்காலில் ‘டப்’ என்று சத்தம் கேட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் வீங்கினால் ஜவ்வு. வலி அடங்கி நடக்க முடிந்தாலும் ஜவ்வுதான் என்று வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் இருந்து, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்றால் குதிகால் தசைநாண். குப்புறப் படுக்க வைத்துக் கெண்டையைப் பிசையுங்கள். பாதம் அசையவில்லை என்றால் அறுந்திருக்கிறது.

கணுக்கால் மடங்கி, நாலு எட்டு எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது வெளி, உள் மொளியின் (கணுக்காலில் புடைத்த எலும்பு) பின்விளிம்பில் கீழ் ஆறு செ.மீ.-க்குள் எலும்பைத் தொட்டால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்கும் வரை எலும்பு முறிவு என்றே நடத்துங்கள்.

இவை எதிலும் எண்ணெய் தடவிச் சுளுக்கு வழிக்கக் கூடாது, சூடு ஒத்தடமும் கூடாது. மீன் கடை ஐஸைத் துண்டில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள், கிரேப் பேண்டேஜை விரலிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள்.

அனுப்பும்போது வளைவுகளை நினைத்துக் கட்டுங்கள். கொண்டை ஊசி ஒவ்வொன்றிலும் தொங்கும் கால் சுழலும், வலி உயிர் போகும். அட்டைப்பெட்டியை நீளவாக்கில் கிழித்து இரண்டு மடிப்பாக்கி, தொடையின் நடுவிலிருந்து குதிகால் வரை அடியில் வைத்து, முட்டிக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று துண்டால் கட்டுங்கள். முட்டிச் சில்லின் மேல் கட்டு வரக் கூடாது. பின் சீட்டில் கால் நீட்டி உட்கார வைத்து, காலுக்கு இரு பக்கமும் ஸ்வெட்டரைச் சுருட்டி அடைத்துவிடுங்கள். புறப்படுமுன் இரண்டு பாதத்தின் விரல்களையும் ஒன்றாகத் தொட்டுப் பாருங்கள். குளிரில் இரண்டும் சில்லென்றுதான் இருக்கும். அடிபட்ட கால் மட்டும் கூடுதலாகச் சில்லிட்டு வெளுத்திருந்தாலோ மரத்திருந்தாலோ கட்டைத் தளர்த்துங்கள். தளர்த்தியும் நிறம் திரும்பவில்லை என்றால் ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். 108-ஐ அழைத்து, வழியில் எங்கும் நிறுத்தாமல் அறுவைசிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.